டான் முவாங்கில் இறங்கி சுவர்ணபூமியில் ஏற நாலேகால் மணி நேரம் போதுமா?

கேள்வி: காலை 10.30-க்கு பாங்காக் டான் முவாங்கில் இறங்குகிறேன். அன்றே மதியம் 2.45-க்கு சுவர்ணபூமியிலிருந்து டோக்கியோ விமானம். இரண்டும் தனித்தனி டிக்கெட். செக்-இன் பெட்டி ஒன்று இருக்கிறது. இடைவெளி போதுமா?

பதில்: போதாது. எல்லாம் சரியாக நடந்தால் பிடித்துவிடலாம்; ஒன்று பிசகினாலும் டோக்கியோ டிக்கெட் போய்விடும்.

இரண்டுமே பாங்காக்கின் விமான நிலையங்கள்தான். டான் முவாங் நகரின் வடக்கே இருக்கிறது; சுவர்ணபூமி தென்கிழக்கே, சமுத் பிரகான் மாகாணத்தில். நேர்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர், சாலை வழியே ஏறத்தாழ 45. சாலை காலியாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நெரிசலிலும், மழை நாளிலும், குறிப்பாக வெள்ளிக்கிழமை மாலையிலும் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும்.

ஆனால் உங்கள் நேரத்தைத் தின்பது சாலை மட்டுமல்ல. சர்வதேச விமானங்களுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுன்டரை மூடிவிடுவார்கள். ஆகவே உங்கள் கெடு 2.45 அல்ல, 1.45. இனி கணக்குப் போடுங்கள். விமானத்தை விட்டு வெளியே வர 10.45. குடியேற்ற வரிசை முடிய 11.45 என்று வையுங்கள். பெட்டி கைக்கு வர 12.00. பேருந்துக்கு அரை மணி காத்திருந்தால் 12.30. சுவர்ணபூமி சேர 1.30 முதல் 2.00. முதல் விமானம் அரை மணி தாமதமானால் கதை முடிந்தது. தனி டிக்கெட் என்பதால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு கிடையாது. நீங்கள் வரவில்லை என்றே பதிவாகும். தனி டிக்கெட்டுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி வையுங்கள்.

இரண்டு நிலையங்களுக்கும் நடுவே உள்ளே இருந்தபடியே மாறும் வழி கிடையாது. தாய்லாந்துக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். அதனால் உங்கள் கடவுச்சீட்டுக்குரிய விசா விதியைப் பாருங்கள். 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டையும் கட்டாயம். வருவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் இலவசமாக நிரப்பலாம். இதை வரிசையில் நின்றுகொண்டு நிரப்பினால் அங்கேயே இருபது நிமிடம் போய்விடும்.

போக்குவரத்துக்கு, அடுத்த விமான டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு இலவச ஷட்டில் பேருந்து உண்டு. காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை ஓடும். ஏறும்போது கடவுச்சீட்டையும் அன்றைய டிக்கெட்டையும் கேட்பார்கள். டிக்கெட்டைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள், விமான நிலைய இணையத்தை நம்ப வேண்டாம். அவசரமென்றால் மீட்டர் டாக்சி. மீட்டர் தொகைக்கு மேல் 50 பாட் விமான நிலையக் கட்டணமும் விரைவுச்சாலைச் சுங்கமும் நீங்கள்தான் தர வேண்டும். சுங்கச் சாலையில் போகச் சொல்லுங்கள், அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ரயிலும் இருக்கிறது: டான் முவாங்கிலிருந்து சிவப்புப் பாதை ரயிலில் குருங் தெப் அபிவத் (பழைய பெயர் பாங் சூ; மெட்ரோ நிலையத்துக்கு இன்னும் அதே பெயர்தான்), அங்கிருந்து நீலப் பாதை மெட்ரோவில் பெட்சபூரி, பிறகு மக்காசன் நிலையத்துக்கு நடந்து ஏர்போர்ட் ரயில் லிங்கில் சுவர்ணபூமி. நெரிசலுக்குப் பயப்பட வேண்டாம் என்பதுதான் லாபம். பெட்டியோடு இரண்டு இடத்தில் மாற வேண்டும், இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

டிக்கெட் ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால், முதல் விமானத்தை அதிகாலைக்கோ முந்தைய நாளுக்கோ மாற்றப் பாருங்கள். மாற்ற முடியாவிட்டால் பெட்டியைக் கைப்பையாகச் சுருக்கி, ஆன்லைன் செக்-இன் செய்து, டாக்சியில் போங்கள். ஆவணச் சரிபார்ப்புக்கு எப்படியும் கவுன்டருக்கு வர வேண்டுமா என்று டோக்கியோ விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள். வர வேண்டும் என்றால் அந்த 1.45 கெடு அப்படியே நிற்கிறது.