நடிகை ஷோபா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஷோபா கதாநாயகியாகத்தான் திரைக்கு வந்தாரா?

பதில்: இல்லை. மகாலட்சுமி என்பது அவரது இயற்பெயர். ஜே. பி. சந்திரபாபு இயக்கி 1966-இல் வெளிவந்த ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்திலேயே குழந்தை நட்சத்திரமாக நடித்துவிட்டார். அவருடைய தாயார் பிரேமாவும் மலையாள நடிகையே.

கேள்வி: ‘முள்ளும் மலரும்’ (1978) என்றால் எல்லோரும் ரஜினிகாந்தைத்தான் சொல்கிறார்கள். ஷோபாவின் பங்கு அவ்வளவு பெரியதா?

பதில்: காளி என்ற முரட்டு அண்ணனை நாம் வெறுக்காமல் இருப்பதற்கே தங்கை வள்ளியின் முகம்தான் காரணம் என்பேன். காளியின் சம்மதம் இல்லாமலேயே அவளை எஞ்சினியருக்கு மணமுடித்து வைக்க ஊரார் அழைத்துச் செல்லும் கடைசிக் காட்சியில், கை ஒன்றை இழந்து தனியாக நிற்கும் அண்ணனைக் கண்டதும் அவள் கூட்டத்தை விட்டு விலகி ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். பக்கம் பக்கமாக வசனம் எழுதக்கூடிய இடம் அது, படத்தின் இயக்குநர் மகேந்திரன் எழுதவில்லை. எழுதாமல் விடுவதற்கு அப்படி ஒரு முகம் வேண்டும்.

கேள்வி: தேசிய விருது எந்தப் படத்துக்கு?

பதில்: துரை இயக்கிய ‘பசி’ (1979). ரிக்‌ஷாக்காரரின் மகளாக, சென்னைக் குடிசைப் பகுதியில் குப்பை பொறுக்கி, லாரி ஓட்டுநர் ஒருவனிடம் ஏமாறும் குப்பம்மாவாக நடித்தார். பரிதாபத்தைக் கேட்டு வாங்காத நடிப்பு அது.

கேள்வி: ‘அழியாத கோலங்கள்’ படத்தில் ஆசிரியையாக நடித்தபோது அவருக்கு என்ன வயது?

பதில்: அவர் பிறந்தது 1962 செப்டம்பரில்; பாலு மகேந்திராவின் அந்தப் படம் வந்தது 1979-இல். தம்மைக் கண்டு மயங்கும் பள்ளிச் சிறுவர்களைவிட அவர் அதிகம் மூத்தவர் அல்லர். ஆனாலும் புடவை கட்டி வகுப்பறைக்குள் நுழையும்போது அந்த வயதை நாம் மறந்துபோகிறோம்.

கேள்வி: அவரது மரணம் பற்றி எழுதுவீர்களா?

பதில்: 1980 மே 1 அன்று, 17 வயதில் இறந்தார். ஊகங்களைப் பற்றி ஏற்கெனவே அளவுக்கு மீறி எழுதியாகிவிட்டது. நடிப்பைப் பற்றித்தான் குறைவாக எழுதியிருக்கிறோம்.

கேள்வி: புதிதாகப் பார்ப்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: அவர் மறைந்த சில மாதங்களில் வெளியான ‘மூடுபனி’யிலிருந்து. ‘என் இனிய பொன் நிலாவே’ பாடலில் பிரதாப் போத்தன் கிட்டார் வாசிக்க, ஷோபா கேட்டுக்கொண்டிருப்பார். அவரை மட்டும் பாருங்கள்.