படம் போடாமல் காசு சேர்க்க முடியாதா?

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் நெடுங்கேணிப் பக்கம். பக்கத்து வீட்டு அண்ணைக்குச் சிறுநீரக வருத்தம், கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க வவுனியாவுக்குப் போகவேண்டும். மூன்று பிள்ளைகள். ஊருக்குள் ரின் குலுக்கிச் சேர்த்த 18,500 ரூபா இரண்டு மாதத்தில் முடிந்துவிட்டது. கனடாவிலுள்ள என் மச்சான் இணையத்தில் சேர்த்துத் தருகிறாராம், குடும்பமாக நிற்கிற படம் கேட்கிறார். அண்ணி அழுகிறார். என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, படத்தை அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

2010இல் முகாமிலிருந்து காணிக்குத் திரும்பிய புதிதில் எங்களுக்குக் கோழிக்குஞ்சு தர வந்தவர்கள், பெட்டியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி என்னைப் படம் எடுத்தார்கள், வெயிலில் முகம் சரியாக விழவில்லை என்று திரும்பவும் எடுத்தார்கள், பக்கத்தில் என் மகள் வெறுங்காலோடு நின்றாள். குஞ்சு ஒன்றும் தப்பவில்லை. அந்தப் படம் மட்டும் இன்னும் எங்கேயோ கிடக்கிறது என்ற நினைப்பு எனக்குப் போகவே இல்லை. அண்ணி ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்குகிறது.

முதலில் நீங்கள் ஒருவர் மட்டும் போய் அவரோடு ஆறுதலாக இருந்து கணக்குப் பாருங்கள். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு கட்டத் தேவையில்லை, ஆனால் பஸ், ஆட்டோ, வெளியில் வாங்கச் சொல்கிற மருந்து, கூடப் போகிற அண்ணியின் அன்றைய கூலி, இவைதான் அந்த வீட்டை அரிக்கின்றன. அப்புறம் அந்த இரண்டு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுகிறார்கள்? அதற்கு கனடா தேவையில்லை, உங்கள் ஒழுங்கையில் நாலு வீடு முறைவைத்தால் போதும். சிறுநீரக நோயாளருக்கு அரசின் மாதக் கொடுப்பனவு ஒன்றும் பிரதேச செயலகம் வழியாக இருக்கிறது. விண்ணப்பித்தார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் கிளினிக் கொப்பியோடு கிராம அலுவலரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, மச்சானின் விஷயம். கோஃபண்ட்மீ போன்ற தளத்தில் சேரும் காசை இலங்கை வங்கிக் கணக்குக்கு நேரே எடுக்க முடியாது. மச்சான் தன் பெயரில் எடுத்துத்தான் அனுப்பவேண்டும், அதனால் சனம் நம்பவேண்டியது அண்ணியின் முகத்தை அல்ல, மச்சானை. தான் யார், நோயாளிக்கு என்ன உறவு, மாதம் எவ்வளவு தேவை, எதற்கு என்று அவர் தன் பெயர் போட்டு எழுதட்டும், தன் படத்தையே போடட்டும். வைத்தியசாலைக் கடிதம் காட்டத்தான் வேண்டுமென்றால் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மறைத்து, அதுவும் அண்ணை சம்மதித்தால் மட்டும்.

என்னைக் கேட்டால், ஒரே தரமாகப் பெருந்தொகை வருவதைவிட மச்சானின் சிநேகிதர் பத்துப் பேர் மாதாமாதம் ஆளுக்கு இருபது டொலர் போடுவது நல்லது. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை இந்தச் சுத்திகரிப்பு நிற்காது, பெருந்தொகை வந்தது தெரிந்தால் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுக்கும் குழுக்கடன்காரர் அடுத்த நாளே படலையில் நிற்பார்கள். காசு அண்ணியின் கணக்குக்கே போகட்டும். உங்கள் கணக்குக்கு வந்தால் நாளைக்கு ஒரு கதை வரும், ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. வந்தது, போனது எல்லாம் ஒரு கொப்பியில் எழுதுங்கள், பஸ் ரிக்கற்றையும் ஒட்டி வையுங்கள், மாத முடிவில் அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்து மச்சானுக்கு அனுப்பலாம்.

கொப்பி அண்ணியின் வீட்டிலேயே இருக்கட்டும்.