கரண்டி பிடிக்கவா படிக்க வைத்தோம்?

பிளஸ் டூவுக்குப் பிறகு பையனை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க, போன சனிக்கிழமை ஆற்காட்டிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. அப்பா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். அம்மா வீட்டில் பிளவுஸ் தைக்கிறார். பையன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், 600-க்கு 371. கூடவே தாய்மாமா. அறையில் இருக்கிற ஒரே நல்ல நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்தார். பையன் கதவோரம் நின்றுகொண்டான்.

அம்மாதான் ஆரம்பித்தார். "கேட்டரிங் படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான் சார். கப்பல்ல வேலைக்குப் போறானாம். கரண்டி புடிக்கவா சார் இவ்ளோ நாள் படிக்க வெச்சோம்?"

பதறாதீர்கள், வயது இருக்கிறது, மார்க்கும் மோசமில்லை என்று வழக்கமாகச் சொல்கிற இரண்டு வார்த்தையைச் சொன்னேன். அதற்குள் மாமா ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் கட்டண விவரம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஹாஸ்டலோடு நான்கு வருடத்துக்கு 9 லட்சத்துச் சொச்சம். வாலாஜா பக்கம் இருக்கிற சின்ன மனையை விற்றால் பாதி தேறுமாம், மீதிக்கு அம்மாவின் நகை. அதோடு என் ஆறுதல் பேச்சு முடிந்தது.

அந்த மனையைத் தொடாதீர்கள் என்றேன். கணக்கில் 41 வாங்கிய பையன், அதுவும் மாமா சொன்னார் என்பதற்காகவே கம்ப்யூட்டர் குரூப் எடுத்தவன், முதல் செமஸ்டரிலேயே கணக்குத் தாளில் அரியர் வைப்பான். நான்கு வருடம் கழித்துச் சான்றிதழ் வரலாம், வராமலும் போகலாம். மனை திரும்பி வராது. "எங்க சொந்தத்துல எல்லாப் பசங்களும் பி.இ. சார்" என்றார் மாமா. அவர்களில் எத்தனை பேர் இன்று படித்த வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணத் தொடங்கி, மூன்றாவது விரலில் நிறுத்திக்கொண்டார்.

பையனைக் கூப்பிட்டு, லீவு நாளில் என்ன செய்வாய் தம்பி என்று கேட்டேன். பெரியப்பா வீட்டில் மக்கன் பேடா என்ற இனிப்பைப் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார்களாம். விடியற்காலை நாலு மணிக்கு இவன் அங்கே போய்விடுவான். அதுவரை வாயே திறக்காதவன் அதற்கப்புறம் பத்து நிமிடம் நிறுத்தவில்லை. கோவாவும் மைதாவும் வெண்ணெயும் சேர்ந்ததும் கை எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் பிசைந்தால் இறுகிவிடும். எண்ணெய் காய்ந்துவிட்டால் மேலே கருத்து உள்ளே மாவாக நிற்கும். மழைக்காலத்தில் மைதா ஈரம் இழுத்திருக்கும், தண்ணீரைக் குறைக்க வேண்டும். இதைச் சொல்லும்போது அவன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெறும் காற்றைக் கிள்ளி உருட்டிக்கொண்டே இருந்தன. அம்மா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு வயதில் மாவின் ஈரத்தைப் பற்றிப் பேசுகிற பையன்கள் என்னிடம் அதிகம் வருவதில்லை.

எனவே இந்தப் பக்கத்து வீடுகளில் யாரும் யோசிக்காத ஒரு வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பயணக் கப்பலின் பேக்கரி.

கப்பல் வேலை என்றதும் நம்மவர்களுக்கு வெள்ளைச் சட்டை கேப்டன் நினைவுக்கு வருவார், இல்லையென்றால் எஞ்சின் அறை. ஆனால் பயணக் கப்பல் என்பது நடமாடும் ஊர். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் 20 தளங்கள். நிறைந்த பயணத்தில் 7,600 பேர் வரை ஏறலாம், வேலைக்கு மட்டும் 2,350 பேர். கப்பலை ஓட்டுபவர்கள் இதில் சிறு கூட்டம்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் சமைப்பவர், பரிமாறுபவர், அறை துடைப்பவர். அத்தனை பேருக்கும் காலை ரொட்டி, பன், குரோசான், இரவு கேக் எல்லாம் அங்கேயே சுட்டாக வேண்டும். நடுக்கடலில் எந்தக் கடையில் போய் வாங்குவது?

பேக்கரி ஆட்களுக்கு இரவில்தான் பொழுது விடியும். மற்ற சமையல்காரர்கள் படுக்கப் போகும் நேரத்தில் இவர்கள் மாவு கலக்கத் தொடங்குவார்கள். காலை ஆறு மணிக்கு முதல் பயணி தட்டைத் தூக்கும்போது ரொட்டி சூடாக இருக்க வேண்டும். கப்பல் சமையலறையில் தீ கிடையாது என்பதை நம்ம ஊர்ச் சமையல்காரர்கள் முதலில் நம்பவே மாட்டார்கள். விறகும் இல்லை, கேஸும் இல்லை, எல்லாம் மின்சாரமும் நீராவியும்தான். தீப்பிடித்தால் ஓட இடமில்லாத இடத்தில் அப்படித்தான் இருக்க முடியும். மூடி மேல் கங்கு போட்டுத் தம் வைக்கும் ஆம்பூர் பிரியாணி மாஸ்டருக்கு அங்கே கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். ஓவனை நம்பிப் பிழைக்கும் பேக்கரிக்காரனுக்கு அந்தக் கஷ்டம் குறைவு. அடுப்பைச் சுற்றிக் கம்பித் தடுப்பு இருக்கும், கப்பல் ஆடினால் பாத்திரம் சரியாமல் இருக்க.

சுத்தம் விஷயத்தில் ஈவு இரக்கம் கிடையாது. அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போகும் பயணக் கப்பல்களில் அந்நாட்டுப் பொதுச் சுகாதார அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் ஏறிச் சோதிப்பார்கள். 100-க்கு 86 எடுத்தால்தான் தேர்ச்சி, 85 என்றால் தோல்வி. குளிரில் வைக்கும் உணவு 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, சூடாக வைப்பது 57 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. கப்பலில் வேலை பார்த்து வந்த பையன்களிடம் அந்தச் சோதனையின் பெயரை, 'யூ.எஸ்.பி.ஹெச்.' என்று சொல்லிப் பாருங்கள், இன்றும் முதுகு நிமிரும்.

எப்படிப் போவது? சென்னை தரமணியில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் ஓட்டல் மேலாண்மை நிறுவனம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் கேட்கும் மூன்று வருட பட்டப்படிப்பை விடுங்கள். உணவுத் தயாரிப்பும் பேக்கரியும் சேர்ந்த கைத்தொழில் படிப்பு ஒன்றரை வருடம், ஓட்டல் பயிற்சியும் அதற்குள்ளேயே அடக்கம். ஆதிதிராவிடர், பழங்குடிக் குடும்பங்கள் அவர்களுக்கான அரசு நிறுவனமான தாட்கோவில் கட்டாயம் கேளுங்கள், தரமணிப் படிப்புக்கு அவர்கள் கட்டணம் கட்டியிருக்கிறார்கள். ஆற்காட்டிலிருந்து தரமணி என்ன அமெரிக்காவா? தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயிலே 1856-இல் ராயபுரத்திலிருந்து நம்ம வாலாஜா ரோட்டுக்குத்தான் ஓடியது.

படிப்பு முடிந்ததும் நேராகக் கப்பல் இல்லை. நல்ல ஓட்டல் பேக்கரியில் இரண்டு வருடம் நின்றாக வேண்டும். பல நிறுவனங்கள் 21 வயதுக்குக் கீழே ஆளை எடுப்பதில்லை, அதனால் இந்த இரண்டு வருடம் வீணும் இல்லை. அந்த நேரத்தில் ஆங்கிலம் பேசப் பழக வேண்டும். இலக்கணப் புத்தகம் வேண்டாம், "ட்ரே சூடாக இருக்கிறது, நகருங்கள்" என்று நாலு நாட்டுக்காரனுக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரிந்தால் போதும். மார்லின்ஸ் என்று ஒரு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், நேர்காணல் வீடியோவில் நடக்கும்.

அப்புறம் எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேசக் கடலோடி விதிப்படியான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி, சுமார் இரண்டு வாரம். லைஃப் ஜாக்கெட்டோடு குளத்தில் குதித்து, கவிழ்ந்து கிடக்கும் ரப்பர் படகைப் புரட்டிப் போட வேண்டும். புகை நிறைந்த அறைக்குள் முகமூடியோடு தவழ வேண்டும். ரொட்டி சுடுபவனுக்கு இது எதற்கு என்று அம்மா கேட்டார். கப்பலில் ஆபத்து என்றால் பேக்கரிக்காரனுக்கும் ஒரு நம்பரும் ஒரு கடமையும் உண்டு. எந்தப் படிக்கட்டில் நின்று பயணிகளை எந்தப் பக்கம் அனுப்புவது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு சி.டி.சி. என்ற கடலோடி அடையாளப் புத்தகம், மருத்துவப் பரிசோதனை, அமெரிக்கப் பக்கம் போவதென்றால் கப்பல் பணியாளருக்கான சி1/டி விசா. தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, அதைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

இந்த இடத்தில் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுக்கு எதுக்கு சார் மூணு நாலு வருஷம்? காட்பாடியில எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான். ஆறு மாசம் டிப்ளமோ, நாலரை லட்சம், வேலை கேரண்டி."

மாமாவுக்கு மட்டுமில்லை, இதைப் படிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். கப்பல் வேலை வாங்கித் தருகிறேன் என்று கையை நீட்டுபவனுக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றிருக்கிறது. அதன்படி வேலைக்குச் சேர்க்கும் ஏஜென்ட் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், சி.டி.சி., மருத்துவச் சான்றிதழ் இவற்றின் செலவு நம்முடையது. விசா செலவு கப்பல் முதலாளியுடையது. ஏஜென்டிடம் ஆர்.பி.எஸ்.எல். என்ற, கடலோடிகளை வேலைக்குச் சேர்ப்பதற்கான உரிமம் இருக்கிறதா என்று கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். "பனாமா சி.டி.சி. வாங்கித் தர்றேன்" என்று ஒருவன் ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அந்தப் புத்தகத்தோடு விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்த ஒரு பையனுக்கு, அவன் அப்பா குடியாத்தத்தில் விற்ற இரண்டு தறியை என்னால் மீட்டுத் தர முடியவில்லை.

சரி, கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஒப்பந்தம் ஆறிலிருந்து ஒன்பது மாதம். வாரத்தில் ஏழு நாளும் வேலை, ஞாயிறு என்பதே கிடையாது. நாளைக்குப் பத்து, பதினொரு மணி நேரம். 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்பது விதி. படுக்கை அடுக்குக் கட்டில், இரண்டு பேருக்கு ஓர் அறை, பெரும்பாலும் நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் கிடையாது. தீபாவளிக்கு வர முடியாது. அக்கா கல்யாணத்துக்கு வருவதும் சந்தேகம். சம்பளத்தைப் பொறுத்தவரை, நான் பார்த்த ஒப்பந்தங்களில் ஆரம்பநிலை சமையல், பேக்கரி ஆட்களுக்கு மாதம் 700-லிருந்து 1,000 டாலர் வரை. சாப்பாடும் தங்கலும் இலவசம். ஆனால் லீவில் வீட்டிலிருக்கும் இரண்டு மூன்று மாதத்துக்குச் சம்பளம் வராது. ஏழு மாதச் சம்பளத்தைப் பத்து மாதத்துக்குப் பங்கிட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். டாலரை ரூபாயாக்கி வாயைப் பிளக்கும் உறவினர்கள் இந்த வகுத்தலைச் செய்வதில்லை.

தொழில் நின்றும் போகும். 2020 பிப்ரவரியில் யோகோகாமாவில் தனிமைப்படுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் பணியாளர்கள். அதற்கடுத்த மாதமே உலகமெங்கும் பயணக் கப்பல்கள் நின்றன, பலருக்கு ஒரு வருடத்துக்கு மேல் வருமானமே இல்லை. அதனால்தான் கப்பலை மட்டும் நம்பி ஆறு மாத டிப்ளமோ வாங்காதே என்கிறேன். ரொட்டி சுடத் தெரிந்தவனுக்குக் கரையிலும் அடுப்பு இருக்கிறது.

அப்பா அதுவரை எதுவும் பேசவில்லை. கிளம்பும் நேரத்தில் மெதுவாகக் கேட்டார், "மாட்டுக்கறி, பன்னிக்கறி எல்லாம் தொடணுமா சார்?" நல்ல கேள்வி, முன்னாலேயே கேட்க வேண்டிய கேள்வி. கப்பல் சமையலறையில் அதெல்லாம் உண்டு, இதைத் தொட மாட்டேன் என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது. பேக்கரியில் அது குறைவு, ஆனால் ரம் ஊற்றிய கேக் வரும், ஜெலட்டின் வரும். உங்களுக்குச் சரியா என்று பையனைப் பார்க்காமல் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். பையன் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தான்.

அவனிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். இந்த லீவில் ஒரு மாதம், ராணிப்பேட்டையிலோ வேலூரிலோ ஏதாவது ஒரு பேக்கரியில் இரவு ஷிஃப்ட். சம்பளம் கேட்காதே, ராத்திரி பத்திலிருந்து காலை ஏழு வரை நில். முப்பது நாள் முடிந்த பிறகும் இதே ஆசை இருந்தால் தரமணி விண்ணப்பத்தை இருவரும் உட்கார்ந்து நிரப்புவோம். பிடிக்கவில்லை என்றாலும் வெட்கப்படாமல் வந்து சொல், வேறு பார்ப்போம்.

நேற்று அம்மா போன் செய்தார். சத்துவாச்சாரியில் ஒரு பேக்கரியில் சேர்த்துக்கொண்டார்களாம், நான்கு ராத்திரி ஆகிவிட்டது. முன்கையில் ட்ரே பட்டு ஒரு தழும்பு. "தூங்கிட்டிருக்கான் சார், எழுப்பட்டுமா?" என்றார். வேண்டாம், தூங்கட்டும் என்றேன்.