மாதம் 20,000 கட்டியும் கடன் குறையலையே!

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருக்கிறோம். இருவருக்கும் ஐ.டி. வேலை, கைக்கு வருவது 2.6 லட்சம். வீட்டுக்கடன், கார் இ.எம்.ஐ. ஒழுங்காகப் போகின்றன. கிரெடிட் கார்டு பாக்கி 4 லட்சம் மட்டும் அசையவே இல்லை. மாதாமாதம் கட்டியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகை (மினிமம் டியூ) 20,000 தவறாமல் கட்டுகிறோமே?
– வாசகி

பதில்: அதுதான் வினையே! மாத வட்டி 3.5% என்றால் 4 லட்சத்துக்கு 14,000. அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. 18%, அதாவது 2,520. அசலில் கழிவது வெறும் 3,480. அதற்கு மேல் அதே கார்டில் மளிகை வாங்கினாலே கடன் ஏறும். பாக்கி நிற்கும்வரை புதுச் செலவுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது.

எஃப்.டி. இருந்தால் உடைத்துக் கட்டுங்கள். அது தரும் வட்டி இதற்கு உறைபோடக் காணாது. இல்லையென்றால் 14% வட்டியில் பெர்சனல் லோன்: 24 மாதத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 19,200. இப்போது கட்டும் தொகைதான், ஆனால் இரண்டு வருடத்தில் கடன் தீரும். பிராசஸிங் கட்டணம், முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பலர் சறுக்குவது அதன்பிறகுதான். காலியான கார்டை மறுபடி தேய்ப்பார்கள், இரண்டு கடனாகிவிடும். லோன் பணம் வந்த அன்றே பாக்கியை அடைத்து, கார்டு லிமிட்டை 50,000 ஆகக் குறைக்கச் சொல்லுங்கள். ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்த கார்டு எண்ணையும் அழித்துவிடுங்கள், இருவர் போனிலும்.