மரம் வைக்காட்டி நத்தார் இல்லையோ?

அக்கா, பிள்ளையள் ரெண்டும் கனடாவில, முழங்கால் நோவோட கதிரையில ஏறி ஸ்டார் கட்டேலாது, மரம் வைக்காட்டி மகள் வீடியோ கோல்ல அழுவா எண்டு எழுதியிருந்தீங்கள். நான் திருகோணமலை உவர்மலைப் பக்கம், எங்கட வீட்டிலயும் இதே கதைதான்.

மரத்த விடுங்கோ. யேசு பிறந்த கொட்டில் மாதிரிச் செய்யிற பாலன் குடில் மட்டும் போதும், அதுவும் குனியத் தேவையில்லாம மேசையில. டிசம்பர் 14, 15 போல நெல்ல ஊறவச்சு பழைய ரின் மூடியில மண் போட்டு விதைச்சா 24க்கு விரல் நீளத்துக்குப் பச்சையா நிக்கும், அதுக்குள்ள குடில் ஆட்டுப் பொம்மையள விட்டா என்ன வடிவு தெரியுமோ (எங்கட ஒரு ஆட்டுக்குக் கால் இல்ல, நெல்லுக்க மறைஞ்சிடும்).

ஸ்டாருக்கு பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருத்தன் மாமரக் கொப்பில கயித்தப் போட்டுத் தந்தா காணும், பிறகு கொடி ஏத்திற மாதிரி நீங்களே கீழ நிண்டு இழுக்கலாம். கடதாசி ஸ்டார் மட்டும் வேணாம், இந்த மாரி மழைக்கு ஒரு இரவும் தாங்காது, பல்ப் ஹோல்டர் நனைஞ்சா கரண்டும் அடிக்கும்.

பாலன வைக்கிற நேரம் மகளுக்குக் கோல் எடுங்கோ, இங்க நடுச்சாமம் எண்டா ரொறன்ரோவில மத்தியானம் ஒண்டரை, முழிச்சிருப்பா. கழட்ட அவசரமில்ல, மூவிராசாக்கள் திருநாள் சனவரி 6 வரைக்கும் கிடக்கட்டும்.