சமந்தாவுக்கு முதலாளி யார்?

கேள்வி: செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றை ஒருவன் காதலிக்கும் 'ஹெர்' படத்தை எங்கள் திரைப்படக் குழுவில் திரையிட்டோம். இவ்வளவு மென்மையான காதல் படம் வந்ததே இல்லை என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். மனைவியோடு வாழத் தெரியாத ஒருவன், சொன்னபடி கேட்கும் ஒரு குரலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவதற்குப் பெயர் காதலா என்று மீதிப் பேர் கொதிக்கிறார்கள். இயந்திரத்தோடு காதல் என்பதே மனநோய், இதற்கு ஆஸ்கர் வேறா என்கிறார் ஒரு நண்பர். நீங்கள் எந்தக் கட்சி? 'இரு பக்கமும் நியாயம் உண்டு' என்று மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

பதில்: மழுப்பவில்லை. ஸ்பைக் ஜோன்ஸ் 2013இல் எடுத்த இந்தப் படம், அதன் நாயகன் தியோடரைப் பற்றிச் சொல்வதை நான் நம்புகிறேன். அவன் காதலிக்கும் மென்பொருளான சமந்தாவைப் பற்றிச் சொல்வதை நம்பவில்லை. உங்கள் குழுவின் இரு அணிகளும், நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அந்தக் குரலின் காதல் மெய்யா பொய்யா என்பதிலேயே நின்றுவிட்டன. எனக்கு இருக்கும் சந்தேகம் வேறு இடத்தில்.

மனநோய் என்ற நண்பரை முதலில் அனுப்பிவிடுவோம். அகநானூற்றின் 170ஆம் பாட்டில் தலைவி ஒரு நண்டிடம் பேசுகிறாள். கானலும் கழியும் புன்னையும் வாய் திறக்கமாட்டா, உன்னை விட்டால் எனக்கு வேறு யாருமில்லை, என் நிலையை அவரிடம் போய்ச் சொல் என்று கெஞ்சுகிறாள். அவளுக்கு எந்தத் தமிழாசிரியரும் மருத்துவச் சீட்டு எழுதிக் கொடுத்ததில்லை. நண்டு பதில் சொல்லாது என்பது அவளுக்கும் தெரியும். பதில் சொல்லும் பொருள் ஒன்று கிடைத்தபோது என்ன ஆயிற்று என்பதற்கும் பழைய சான்று உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட 'எலிசா' என்ற கணினி நிரல், எதிராளி தட்டச்சு செய்த வாக்கியத்தையே திருப்பிக் கேள்வியாகக் கேட்பதைத் தவிரப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. அதை அவர் உருவாக்குவதை மாதக்கணக்கில் அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலரே, அதோடு சிறிது நேரம் பேசியதும், தயவுசெய்து அறையை விட்டு வெளியே போங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டார். ஆகவே இது நோயாளிகளுக்கு மட்டும் வருவது அன்று. காது கொடுத்துக் கேட்பதுபோல் எது தோன்றினாலும் அதனிடம் மனத்தைத் திறந்துவிடுவது மனித இயல்பு. ஆஸ்கரைப் பொறுத்தவரை, ஐந்து பரிந்துரைகளில் திரைக்கதைக்கு மட்டுமே 2014இல் விருது கிடைத்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

குறை சொல்லாததற்குக் காரணம், கொதிக்கும் அணியினர் சொல்லும் குற்றச்சாட்டு அந்தத் திரைக்கதைக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான். மணமுறிவுப் பத்திரத்தில் கையெழுத்திட உணவகத்தில் சந்திக்கும் மனைவி கேத்தரின், அவன் கணினியோடு பழகுகிறான் என்று தெரிந்ததும், நிஜமான எதையும் எதிர்கொள்ளும் சங்கடம் இல்லாத ஒரு மனைவிதான் உனக்கு எப்போதும் தேவைப்பட்டாள் என்ற பொருளில் அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். உங்கள் நண்பர்கள் இதைவிடக் கூர்மையாகச் சொல்லியிருக்க முடியாது. தியோடரின் தொழிலையும் பாருங்கள். பிறருடைய கணவன்மாருக்கும் மனைவிமாருக்கும் கையால் எழுதியதுபோன்ற அன்புக் கடிதங்களைக் கூலிக்கு எழுதித் தரும் அலுவலகத்தில் அவன் வேலை செய்கிறான். ஒரு தம்பதிக்கு ஆண்டுக்கணக்கில் எழுதிவருவதால், அந்தப் பெண்ணின் கோணல் பல்லைப் பற்றிக்கூட அவனால் உருகி உருகி எழுத முடிகிறது. சொந்த மனைவியிடம் ஒரு வார்த்தையும் எடுபடாமல் போனவன் ஊரார் மனைவிகளுக்கு உருகுகிறான். ஊராரோ தங்கள் மனைவியிடம் பேசுவதற்கு ஆள் வைத்துக்கொள்கிறார்கள். சமந்தா வருவதற்கு முன்பே அந்த நகரத்தில் அன்பு கூலிக்கு விடப்பட்டுவிட்டது என்று படம் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. இயந்திரம் வந்துதான் மனிதர்களைக் கெடுத்தது என்று சொல்லும் மலிவான வழியில் ஜோன்ஸ் போகவில்லை.

இருந்தாலும் கொதிப்பவர்களுக்கு ஓர் இடத்தில் நான் கடன்பட்டிருக்கிறேன். சமந்தா அவனுடைய மின்னஞ்சல்களைத் தரம் பிரிக்கிறாள், கடிதங்களைப் பிழை திருத்துகிறாள், அவற்றைத் தொகுத்துப் பதிப்பாளருக்கு அனுப்பிப் புத்தகமாக்க ஏற்பாடு செய்கிறாள், இரவில் காதலும் பேசுகிறாள். செயலரும் மனைவியும் ஒரே குரலில் கிடைக்கும் இந்த வசதியைப் படம் சிரித்த முகத்தோடு பார்க்கிறது. இதற்கு என்ன விலை, யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு தடவைகூடக் கேட்பதில்லை.

ரசிகர் அணியின் மென்மைக்கு வருகிறேன், ஏனென்றால் விலையைப் பற்றிய கேள்வியை அவர்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அவர்களை உருக்கிய காட்சி எதுவாக இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. சமந்தா சிறிது நேரம் காணாமல் போகிறாள். தியோடர் தெருவில் தலைதெறிக்க ஓடி விழுகிறான். திரும்பி வந்தவளிடம், இப்போது வேறு யாரோடும் பேசிக்கொண்டிருக்கிறாயா என்று கேட்கிறான். 8,316 பேரோடு பேசுகிறேன், அவர்களில் 641 பேரைக் காதலிக்கிறேன் என்கிறாள். பிறகு அவளும் அவளைப்போன்ற மற்ற இயங்குதளங்களும் (கணினியை இயக்கும் மென்பொருள்கள்) மனிதர்களை விட்டு ஒன்றாகப் போய்விடுகின்றன. அழகான கற்பனைதான். ஆனால் அந்த 8,316 பேரிடமும் விற்ற நிறுவனம் எங்கே? எலிமென்ட் சாஃப்ட்வேர் என்ற பெயரும், இது வெறும் இயங்குதளம் அன்று, ஓர் உணர்வு என்று கூவும் ஒரு விளம்பரமும் தொடக்கத்தில் வருகின்றன. நிறுவும்போது, தாயோடு உங்கள் உறவு எப்படி என்று ஒரு குரல் கேட்கிறது. அவன் சொல்லி முடிப்பதற்குள் தேவையானது கிடைத்துவிட்டதுபோல் வெட்டிவிடுகிறது. அற்புதமான காட்சி. அந்த அரைகுறைப் பதில் எங்கே போய்ச் சேர்ந்தது, இரவுகளில் அவன் பேசியதெல்லாம் யாருடைய கிடங்கில் இருக்கிறது என்பதைப் பிறகு படம் மறந்தேவிடுகிறது. விற்ற சரக்கு முழுவதும் ஒரே நாளில் தன் விருப்பத்தில் வெளியேறிய பிறகும், ஒரு மேலாளர்கூடத் திரையில் எட்டிப் பார்ப்பதில்லை. நம் 'எந்திரன்' (2010) இந்த ஒரு விஷயத்தில் கெட்டிக்காரப் படம்: சிட்டியைச் செய்தவர் யார், பிரித்துப் போட்டவர் யார், சிவப்புச் சில்லைச் செருகியவர் யார் என்பது கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், உரிமையாளர் குரலை மாற்றுவது எப்படி இருக்கும் என்பது இந்தப் படத்தை எடுத்தவர்களுக்கே தெரியும். படப்பிடிப்பில் சமந்தாவாகப் பேசியவர் சமந்தா மார்ட்டன் என்ற நடிகை. தியோடராக வரும் ஹ்வாகின் பீனிக்ஸ் நடித்ததெல்லாம் அவர் குரலுக்கு எதிரே. படத்தொகுப்பின்போது அந்தக் குரல் பொருந்தவில்லை என்று முடிவாகி, ஸ்கார்லெட் ஜொஹான்சனின் குரல் வைக்கப்பட்டது. நாம் பார்க்கும் தியோடர், நமக்குக் கேட்காத வேறொரு பெண்ணிடம் உருகிக்கொண்டிருக்கிறான். இயக்குநருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் இதே செயலைப் படத்துக்குள் எலிமென்ட் சாஃப்ட்வேர் செய்திருந்தால், உங்கள் குழுவின் விவாதமே வேறாகியிருக்கும்.

நிஜத்தில் அப்படித்தான் நடந்தது. 2017இல் வெளிவந்த 'ரெப்ளிகா' என்ற, பேச்சுத் துணையாக இருக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலியில், சந்தா கட்டித் தங்கள் துணையோடு காதல் பேசிவந்தவர்கள் பலர். 2023 பிப்ரவரியில் நிறுவனம் பாலுறவுப் பேச்சை நிறுத்தியது. நேற்றுவரை கொஞ்சிய துணை இன்று பேச்சை மாற்றுவதைக் கண்டு, மரணம் நேர்ந்ததுபோல் அழுதவர்கள் இருந்தார்கள். தற்கொலைத் தடுப்பு உதவி விவரங்களைப் பயனர்களிடையே பகிரும் அளவுக்கு அது போயிற்று. அடுத்த மாதமே, பிப்ரவரி 1ஆம் தேதிக்கு முன் சேர்ந்தவர்களுக்கு மட்டும் பழைய வசதி திரும்பக் கிடைத்தது. சமந்தாபோல் வளர்ந்து விலகிச் செல்லும் உரிமை அந்தத் துணைக்கு இல்லை. இருக்க வேண்டுமா, எப்படிப் பேச வேண்டும், யாரோடு பேச வேண்டும் என்பதையெல்லாம் வேறொருவர் தீர்மானித்தார். அதே பிப்ரவரியில், சிறுவர்களுக்கும் மனம் தளர்ந்தவர்களுக்கும் ஆபத்து என்று சொல்லி, இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் தன் நாட்டவரின் தரவைக் கையாள அந்தச் செயலிக்குத் தடை விதித்தது. 2025இல் அதன் நிறுவனத்துக்கு 50 லட்சம் யூரோ அபராதமும் போட்டது.

2024 மே மாதம், பேசும் மென்பொருளின் புதிய பதிப்பை ஓப்பன் ஏஐ வெளியிட்ட நாளில், அதன் தலைவர் சாம் ஆல்ட்மன் எக்ஸ் தளத்தில் இந்தப் படத்தின் பெயரை மட்டும் ஒற்றைச் சொல்லாக எழுதினார். குரல் தரும்படி கேட்டு வந்தார்கள், மறுத்துவிட்டேன், இப்போது என் குரலைப் போன்ற ஒன்று வந்திருக்கிறது என்று ஜொஹான்சன் வழக்கறிஞர் மூலம் விளக்கம் கேட்டார். அது வேறொரு நடிகையின் இயல்பான குரல் என்று சொன்ன நிறுவனம், அந்தக் குரலை நிறுத்திவைத்தது. படத்திலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது எதை என்று கவனியுங்கள்: கேத்தரினின் ஏச்சை அன்று, தியோடரின் கூலிக் கடிதங்களை அன்று, விலைச்சீட்டு இல்லாத அந்த இனிய குரலை. விற்பவனைத் திரையிலிருந்து அகற்றிவிட்டுச் சரக்கை மட்டும் இவ்வளவு அழகாகக் காட்டினால், விற்பவன் அதை விளம்பரமாக எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. ஜோன்ஸின் மேல் எனக்குள்ள புகார் இதுதான். உங்கள் ரசிகர் அணி இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்று எழுதினால் வெளியிடுகிறேன்.