அடிக்கடி ஹேங் ஆகும் டெஸ்க்டாப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டெஸ்க்டாப் ஹேங் ஆவதைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களில் பலர் ஏற்கெனவே ஃபார்மட் செய்து பார்த்துவிட்டார்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எப்போது, எப்படி நிற்கிறது என்று கவனித்தாலே பெரும்பாலும் காரணம் பிடிபட்டுவிடும். ஃபார்மட்டில் போன போட்டோவும் கணக்கும் சுலபத்தில் திரும்பி வராது.

கேள்வி: வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸும் அசைவதில்லை. விண்டோஸைப் புதிதாகப் போட்டும் பயனில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

விண்டோஸைப் புதிதாகப் போட்டும் அதே கதை என்றால் ஹார்டுவேர் மேல்தான் என் முதல் சந்தேகம். அடுத்த தடவை நிற்கும்போது உடனே பவர் பட்டனுக்குப் போகாதீர்கள். கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். தட்டத் தட்ட விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸ் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது; திரையோ ஏதோ ஒரு புரோகிராமோ சிக்கியிருக்கிறது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு கணம் இருண்டு, கிராஃபிக்ஸ் டிரைவர் (கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்) மறுபடி துவங்கும். அதில் மீண்டுவிட்டால் அந்த டிரைவரைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும்.

விளக்கு எரியவே இல்லை, ஓடிக்கொண்டிருந்த பாட்டு ட்ர்ர்ர் என்று ஒரே இடத்தில் இழுக்கிறது என்றால் மெஷின் மொத்தமாக நின்றுவிட்டது. ரேமிலிருந்து தொடங்குங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். அடியில் உள்ள தங்க நிறப் பட்டைகள் மங்கியிருக்கின்றனவா, கரும்புள்ளி விழுந்திருக்கிறதா பாருங்கள்; கடலோர ஊர்களில் உப்புக் காற்றுக்கு இது சகஜம். கடைகளில் அழிரப்பர் போட்டுத் தேய்ப்பார்கள். அழுத்தித் தேய்த்தால் தங்கப் பூச்சே போய்விடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, கிளிப் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்திச் செருகுங்கள்.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டுங்கள், அப்புறம் மற்றதை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அலட்சியம் வேண்டாம். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்.எம்.பி., அதாவது ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் வசதி, போட்டிருந்தால் அதை அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அப்போது பிழை வரவில்லை என்றால் ரேமில் பழுது இல்லாமலும் இருக்கலாம்; அந்த வேகத்தை உங்கள் போர்டோ பிராசஸரோ தாங்கவில்லை.

இன்னொன்று. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பில் இருப்பதைப் பார்த்து எஸ்.எம்.பி.எஸ்.ஸையே (மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மாற்றிவிட்டதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். முறையாக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் அணைந்தது என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்வதில்லை. நீங்கள் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதுவே பதிவாகும். அதற்குச் சற்று முன்னால் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். டிஸ்க் தொடர்பாக 7, 129, 153 ஆகிய எண்கள் தெரிந்தால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மவுஸ் நகர்கிறது, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் இரண்டு நிமிடம் அசைவில்லை. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்கிறது. பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க். டிஸ்க்கைச் சோதித்துப் பிழை திருத்தும் செக்டிஸ்க் ஓட்டலாமா?

இப்போது வேண்டாம். முதலில் முக்கியமான ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள், இன்றைக்கே. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் முழு செக்டிஸ்க் ஓட்டினால் ஓரம் முதல் ஓரம்வரை படிக்க வைத்து, மிச்ச உயிரையும் எடுத்துவிடும்.

நகல் எடுத்த பிறகு, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைத் திறந்து 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது டிஸ்க் ஏற்கெனவே கைவிட்டு, மாற்று இடம் ஒதுக்கிய செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சிறு பகுதிகள்). சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. சி6 என்பது திருத்த முடியாமல் போனவை. சி5 ஏறிக்கொண்டே போனால், உள்ளே 'டிக் டிக்' சத்தமும் சேர்ந்தால், அந்த டிஸ்க்கை இனி நம்பாதீர்கள். எஸ்.எஸ்.டி.க்கு மாறிவிடுங்கள்.

அந்த மூன்றும் சுத்தமாக இருந்து சி7 (தகவல் கைமாறும்போது நேர்ந்த பிழைகள்) மட்டும் ஏறினால் பழுது பெரும்பாலும், டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில். சில நூறு ரூபாயைத் தாண்டாத செலவு. கேபிளை மாற்றிய பிறகும் அந்த எண் குறையாது, பயப்படாதீர்கள். மேற்கொண்டு ஏறாமல் நின்றால் சரி.

கேள்வி: வீடியோ எடிட் செய்யும்போது மட்டும், அதுவும் மதிய நேரத்தில், ஹேங் ஆகிறது. சூடுதான் காரணமா?

இருக்கலாம். சூட்டை அளந்து காட்டும் ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ மென்பொருளை ஓடவிட்டுக்கொண்டே எடிட் செய்யுங்கள். இன்டெல் பிராசஸர்கள் பெரும்பாலும் 100 டிகிரியை ஒட்டியும், ரைசனில் பல 95-ஐ ஒட்டியும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே முதலில் வேகம் குறையும், அப்புறம்தான் மற்றதெல்லாம். கிராஃபிக்ஸ் கார்டின் சூட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

சும்மா இருக்கும்போதே 70-ஐத் தாண்டினால் கேபினெட்டைத் திறந்து ஹீட் சிங்க்கை (பிராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகப் பாகம்) லேசாக ஆட்டிப் பாருங்கள். பல இன்டெல் பிராசஸர்களோடு பெட்டியில் வரும் கூலரை நான்கு பிளாஸ்டிக் பின்கள்தான் பிடித்திருக்கின்றன. அதில் ஒன்று கழன்றாலும் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். கூலரைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; காற்றில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும்.

கேள்வி: 14-ஆம் தலைமுறை ஐ9. கேம் ஆடும்போது ஹேங் ஆகிறது அல்லது கேமே மூடிக்கொள்கிறது. எல்லாப் பாகமும் புதுசு.

இன்டெல்லே ஒப்புக்கொண்ட பிரச்சினை இது. 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய், நாளடைவில் சிப் நிலைகுலைகிறது. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்த மைக்ரோகோடு (பிராசஸருக்குள் ஓடும் நுண் மென்பொருள்) பயாஸ் வழியாக வந்தது. போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய பயாஸைப் போடுங்கள். ஆனால் ஏற்கெனவே கெட்ட சிப்பை அது சரிசெய்யாது. பயாஸ் மாற்றியும் தொடர்ந்தால் வாரன்டியில் மாற்றிக் கேளுங்கள். பாதிக்கப்பட்ட ரகங்களுக்கு இன்டெல் 2 ஆண்டு கூடுதலாகக் கொடுத்திருக்கிறது. பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.

கேள்வி: கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது. இதற்கும் ஹேங் ஆவதற்கும் சம்பந்தம் உண்டா?

சம்பந்தம் இருக்கலாம், ஆனால் அது இரண்டாவது கவலை. வீட்டில் எர்த்திங் இல்லை, அல்லது அறுந்திருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாதபோது அவற்றின் வழியே கேபினெட்டில் ஏறத்தாழ பாதி வோல்டேஜ் நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால்தான் சுருக்கோடு போகிறது. எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்யுங்கள். மூன்றாவது பின் இல்லாத பிளக்கில் ஓட்டாதீர்கள்.

கேள்வி: மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். அது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வேறொரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கேபினெட்டோடு சேர்த்து விற்கும் மலிவு எஸ்.எம்.பி.எஸ். தளர்ந்துபோய், பழி மதர்போர்டின் மேல் விழுவது அடிக்கடி நடக்கிறது. 12 வோல்ட் கம்பி 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். மீட்டரில் சரியாகக் காட்டினாலும் லோடு ஏறும்போது தடுமாறலாம் என்பதால் மாற்றிப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி. போர்டில் பிராசஸரைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் தலை உப்பியோ கசிந்தோ இருந்தால் கடைக்காரர் சொல்வது சரிதான். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும்.